அக்காவின் மேல்வரிசை

ஜனவரி 9, வியாழன்

ரத்த அழுத்தம் பார்க்கப் போன இடத்தில் டாக்டர் ஒரு கேள்வி கேட்டுவிட்டார். கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, மழை வருமா என்று விசாரிப்பது போல, "சந்தோஷமா இருக்கீங்களா?" என்றார். தலைவலி உண்டா, தூக்கம் வருதா என்ற வரிசையில் அதுவும் ஒன்று. தலைவலிக்கு உண்டு என்றேன். தூக்கத்துக்கு இல்லை என்றேன். இதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் பேந்தப் பேந்த விழித்தேன். அதற்குள் அவர் பட்டையைக் கழற்றிவிட்டு உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்.

உப்பைக் குறைப்பது சுலபம்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே யோசனை. ஐம்பத்திரண்டு வயதாகிறது. வேலை இருக்கிறது. இருக்க இடம் இருக்கிறது. அக்கா இருக்கிறாள். பிறகு ஏன் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை? 'இல்லை' என்றும் வரவில்லையே, அது ஏன்?

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "அக்கா, நாம சந்தோஷமா இருக்கோமா?"

அவள் ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டிருந்தாள். "பால் வாங்கிட்டு வந்தியா?" என்றாள்.

மறந்துவிட்டேன். திரும்பவும் நான்கு மாடி இறங்கினேன். லிஃப்ட் வழக்கம் போலப் படுத்துக்கிடக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

என் வேலை பல்செட் செய்வது. டாக்டர்கள் வாயில் அளவெடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். நாங்கள் பிளாஸ்டரில் அச்சு வார்த்து, மெழுகில் பல் நட்டு, பிறகு மெழுகு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் மாவை நிரப்பி வேகவைத்து, பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவோம். எத்தனை வாய்க்குச் செய்திருப்பேன்! ஒரு முகத்தையும் பார்த்ததில்லை. யாரோ ஒரு பெரியவர் நான் செய்த பல்லோடு இந்த நிமிடம் பேத்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கலாம். இல்லை, அதைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு என்னைத் திட்டிக்கொண்டிருக்கலாம். இதற்குப் பெயர் வாழ்க்கையா? ஆமாம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். யாரும் கேட்காதவரை எந்தச் சிக்கலும் இல்லை.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் குடித்தனம். அத்தான் வேலைக்கென்று வேறு நாட்டுக்குப் போனார், அங்கேயே இன்னொரு குடும்பத்தை உண்டாக்கிக்கொண்டு விவாகரத்தும் வாங்கிக்கொண்டார். அக்கா ஒரு பெட்டியோடு என்னிடம் வந்து, "ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்டி" என்றாள். அந்த மாசம் இன்னும் முடியவில்லை. எனக்கு யாரும் அமையவில்லை. அமையவில்லையே என்று வருத்தப்பட நேரமும் அமையவில்லை.

சந்தோஷம் என்றால் என்னவென்றே தெரியாமல் அது இருக்கிறதா இல்லையா என்று எப்படிச் சொல்வது?

ஜனவரி 17, வெள்ளி

இன்று சிரிப்பாய்ச் சிரித்துவிட்டது எங்கள் கட்டடம்.

வேலை முடிந்து வந்தால் இரண்டாம் மாடியில் கும்பல். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே யார் என்றால், என் அக்கா. மூடிய கதவுக்கு முன்னால் நரைத்த மீசைக்காரர் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கருவிப் பெட்டியைப் பரப்பிவைத்து, கதவோடு பேசிக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு மூச்சு முட்டாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை செய்வது அவர் வழக்கமாம்.

"பேசிட்டே இருங்க மேடம். நீங்க பேசினாத்தான் எனக்குக் கை ஓடும்."

"நான் பேசினா நீங்க வேலைய விட்டுட்டுக் கேட்டுட்டிருக்கீங்க" என்றது உள்ளேயிருந்து அக்காவின் குரல். எக்ஸ்சேஞ்ச் குரல். அந்தக் குரலை அவள் வீட்டில் எடுப்பதே இல்லை. அதன்பின் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், நான் படியிலேயே நின்றுவிட்டேன். அக்காவா இது?

கடைசியில் கதவு திறந்தது. தலை கலைந்து, வியர்த்து வழிந்து நின்றவள் அவரைப் பார்த்துக் கேட்டது: "அதுக்குள்ள சரி பண்ணிட்டீங்களா?"

ஜனவரி 26, ஞாயிறு

எதிர்சாரி டீக்கடையில் அக்காவும் மெக்கானிக்கும். ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். மேலே வந்ததும் கேட்டேன்.

"மனைவி போயி ஆறேழு வருஷமாச்சாம். தனியா இருக்காரு பாவம்" என்றாள்.

உலகத்தில் தனியாக இருப்பவர்களுக்கெல்லாம் நாம் டீ வாங்கித் தர முடியுமா என்று கேட்டேன். "அவருதான் வாங்கித் தந்தாரு" என்றாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

லிஃப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆள் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அக்காவின் ஈறு ரொம்ப நாளாகவே தகராறு. இன்று பல் டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். எங்கள் லேபுக்கு வேலை அனுப்புகிறவர்தான். விரலால் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு, மேல்வரிசை முழுவதையும் எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா கண் கலங்கவில்லை. "புதுசு நல்லா வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டரம்மா என்னைக் காட்டி, "வீட்டுலயே ஆள் வச்சிட்டு என்கிட்ட கேக்குறீங்களே" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வாயைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே வந்தாள். எனக்குத் திடீரென்று எல்லாம் தெளிவானது போல இருந்தது. இத்தனை வருடம் முகம் தெரியாதவர்களுக்குச் செய்து செய்து கை பழகியதெல்லாம் இதற்குத்தானோ? அக்காவுக்கு வாழ்க்கை எதையும் தரவில்லை. நான் தருவேன். டாக்டர் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவள் வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்த்தால் எனக்கு அது போதும்.

பிப்ரவரி 22, சனி

எடுத்தாகிவிட்டது. முகம் உள்ளே ஒடுங்கி, பத்து வயது கூடிவிட்டது போல இருக்கிறாள். சூப்பும் மசித்த உருளைக்கிழங்கும்தான். ஈறு ஆறி இறுகிய பிறகுதான் அளவெடுக்க முடியும். அதுவரை யாரையும் பார்க்கமாட்டாளாம். மெக்கானிக் போன் செய்தால் பேசுகிறாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள்.

என் வீட்டில் எனக்கு எதிராகக் கதவு சாத்தப்படுவது இதுதான் முதல் தடவை.

மார்ச் 9, ஞாயிறு

பழைய பெட்டியைக் கிளறியபோது அந்தப் போட்டோ கிடைத்தது. நான் எடுத்தது. பதினாலு வயதில் யாரிடமோ இரவல் வாங்கிய கேமராவில். மொட்டை மாடியில் அக்கா, காற்றில் முடி பறக்க, பல் தெரியச் சிரிக்கிறாள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் அந்தச் சந்து. அது இல்லாமல் அக்காவே இல்லை. கல்யாணம் ஆகாத அக்கா, அத்தான் வராத அக்கா, எதுவுமே கெட்டுப்போகாத காலத்து அக்கா.

ஈறு கெட்டதில் கொஞ்ச வருடமாகவே பற்கள் நகர்ந்து, சாய்ந்து, அந்தச் சிரிப்பு அடையாளம் தெரியாமல் போயிருந்தது. நான் அதைத் திருப்பிக் கொண்டுவரப் போகிறேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன இன்ப அதிர்ச்சி?

ஏப்ரல் 8, செவ்வாய்

அளவெடுத்தாயிற்று. மேல்வாயும் கீழ்ப்பல்லும் சேரும் கடியும் பார்த்தாயிற்று. இனிமேல் "உங்க அக்கா, உங்க கை, நீங்களே பாத்துக்குங்க" என்றுவிட்டார் டாக்டரம்மா.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று முழுக்க அக்காவின் பல்தான். வேறு எதையும் தொடவில்லை. முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

கடையில் வரும் பல்லை அப்படியே வரிசையாக நட்டால் அது பொம்மைப் பல். முன்பல்லுக்குப் பக்கத்தில் ஒன்றை லேசாகத் திருப்பினேன். கோரைப்பல்லின் நுனியை மழுக்கினேன், அறுபது வயதுக்குத் தேய்ந்திருக்கும் அளவுக்கு. நிறம் கொஞ்சம் மங்கலாக எடுத்தேன். கடைசியாக நடுவில் அந்தச் சந்து. போட்டோவை லென்ஸில் வைத்துப் பார்த்துப் பார்த்து, மெழுகைச் சுடவைத்து, தள்ளி, ஒட்டி, மறுபடி தள்ளி. என் ஆயுளில் இதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. எனக்கே தெரிகிறது.

மெழுகில் பல் நட்டு முடித்ததும் அதை ஒருமுறை வாயில் வைத்து, கண்ணாடியைக் கையில் கொடுத்து, வைத்துக்கொள்கிறவரிடம் சம்மதம் கேட்க வேண்டும். அதுதான் டிரையல். மெழுகாக இருக்கும்வரை எதையும் நகர்த்தலாம். வெந்து இறுகிவிட்டால் அவ்வளவுதான். டிரையல் பார்க்காமல் எதையும் வேகவைக்காதீர்கள் என்று லேபில் எல்லோரிடமும் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்தான்.

பாலிஷ் போடுகிறவர் (அவரை 'பாலிஷ்' என்றுதான் கூப்பிடுவோம்) மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்சமா இருக்கு. டிரையல் பாத்தாங்களா?"

"என் அக்கா மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்றேன்.

வேகவைத்துவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

கண்ணை மூடச் சொன்னேன். வாயில் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. கையில் கண்ணாடியைக் கொடுத்தேன்.

அக்கா பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். உதட்டைத் தூக்கி அந்த இடத்தை நாக்கால் தொட்டாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"ரொம்ப நல்லா இருக்கு. அப்படியே இருக்கு." கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். அப்படித்தான் இருக்கும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று மெக்கானிக்கைப் பார்க்கப் போவதாக இருந்தாள். பல் வந்ததும் முதலில் டீக்கடை என்று அவர்களுக்குள் பேச்சாம். போகவில்லை. ஈறு வலிக்கிறது என்றாள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்கும் சிவப்பு இல்லை, கீறல் இல்லை.

மே 3, சனி

இன்றும் வலிக்கிறதாம்.

மே 10, சனி

மெக்கானிக் மாடி ஏறி வந்துவிட்டார். அக்கா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் வாசலில் நின்று பேசினேன். கையில் பழப் பை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா? போனையும் எடுக்க மாட்டேங்கிறாங்க."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் நான் சொன்னது வேறு. "அவங்களுக்கு இதெல்லாம் பிடிக்கல போல. நிம்மதியா விட்டுடுங்க" என்றேன். என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது!

அவர் பையை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். லிஃப்டில் போகவில்லை.

கதவைச் சாத்தியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பொய் சொல்லி என்ன, இது யாரும் படிக்கப்போவதில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. சாயங்காலம் நானும் அக்காவும் டிவி பார்த்தோம், பழையபடி. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 18, ஞாயிறு

எழுத முடியுமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் அவளே அவருக்குப் போன் செய்திருக்கிறாள். பேசிவிட்டு வெளியே வந்து சமையல்கட்டு வாசலில் நின்றாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குப் பிடிக்கலைன்னு நான் உங்கிட்ட சொன்னேனா?"

குழாயை மூடினேன். "நீதானே வெளிய வரல."

"ஏன் வரலைன்னு கேட்டியா?"

பதில் சொல்வதற்குள் பல்லைக் கழற்றி மேஜைமேல், செய்தித்தாளின் மேல் வைத்தாள். ஓட்டை வாயோடு, காற்று போகப் போக, அவள் பேசினாள். அந்த வாயைக் கையால் மறைக்காமல் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

"இத வச்சிட்டு நான் எப்படிடி வெளிய போவேன்?"

"அது உன் பல்லுதான்க்கா. உன் சிரிப்பு. மொட்டை மாடில நான் எடுத்த அந்தப் போட்டோல—"

"அந்தப் போட்டோல நான் சிரிக்கவே இல்ல. நீ சிரிக்கச் சொன்ன."

அப்புறம் சொன்னாள். இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் எனக்குத் தெரியாத கதை. டிவியில் செய்தி வாசிக்க ஆள் எடுத்தார்களாம். குரல் தேர்வு, உச்சரிப்புத் தேர்வு எல்லாம் தாண்டிக் கடைசி இருவரில் ஒருத்தியாக வந்திருக்கிறாள். கேமராவுக்கு முன்னால் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு ஒருவன் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னானாம், குரல் தேன், பல்தான் கதவைத் திறந்துபோட்ட வீடு மாதிரி இருக்கிறதென்று. அறையே சிரித்ததாம்.

"நானும் சேர்ந்து சிரிச்சேன். வேற என்ன பண்றது? அன்னிக்கு சாயங்காலம்தான் நீ இரவல் கேமராவத் தூக்கிட்டு வந்து சிரி சிரின்னு உயிர எடுத்த. சின்னப் பொண்ணு, ஆசையா நிக்கிற. சிரிச்சேன். அடுத்த மாசம் எக்ஸ்சேஞ்சுக்கு எழுதிப் போட்டேன். அங்க மூஞ்சி யாருக்கும் தெரியாதுல்ல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். விடவில்லை.

"டாக்டரம்மா எல்லாத்தையும் புடுங்கணும்னாங்களே, நான் அழலைன்னு நீ அதிசயமா பாத்தியே. எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அறுபது வயசுலயாவது விட்டுச்சே சனியன்னு. நீ என்னடான்னா மெனக்கெட்டு அதையே திரும்பச் செஞ்சு கொண்டாந்து வாயில வச்சிட்ட."

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதுதான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். களைப்பாகச் சொன்னாள். பல்லை எடுத்துக் கழுவி, டம்ளரில் போட்டு, என் பக்கமாக நகர்த்திவைத்துவிட்டு உள்ளே போனாள்.

மே 19, திங்கள்

ஒரு வார்த்தை.

மே 25, ஞாயிறு

புதிதாகச் செய்து தருகிறேன் என்றேன். சந்து இல்லாமல், எப்படி வேண்டுமோ அப்படி. டிரையல் பார்க்கலாம், பத்து தடவை பார்க்கலாம் என்றேன்.

"வேண்டாம்."

"ஏன்க்கா? என் கைமேல நம்பிக்கை இல்லையா?"

"உன் கைக்கு என்ன, தங்கமான கை. நீ பாக்குறதுதான் எனக்கு ஒத்துவரல. நீ என்னப் பாத்தா அந்த மொட்டை மாடியத்தான் பாக்குற. நான் பாவம், என் வாழ்க்கை பாழாப்போச்சு, அதுக்கு முன்னாடி மட்டும் நல்லா இருந்தேன். அப்படித்தானே? எக்ஸ்சேஞ்சுல நான் எவ்வளவு சிரிச்சிருக்கேன்னு உனக்குத் தெரியுமா? நைட் ஷிஃப்டுல நாங்க அடிச்ச கூத்து தெரியுமா? நீ ஒரு நாளும் கேட்டதில்ல."

கேட்டதில்லை. வேலை முடிந்து வருவாள், சாப்பிட்டாயா என்பேன். பாவம், களைத்துப் போய் வருகிறாள் என்று பேச்சுக் கொடுக்காமல் இருப்பேன். அதை அன்பு என்று நினைத்திருந்தேன். அது அன்புதான். ஆனால் அவள் சந்தோஷமாக இருந்த வருடங்கள் அவ்வளவும் என் கண்ணெதிரே போயிருக்கின்றன, நான் அவளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சந்தை மெழுகில் வைத்தபோது என் மனதில் என்ன இருந்தது? பிரியம் இருந்தது. சத்தியமாக இருந்தது. அது மட்டும்தானா? பழைய அக்காவாக ஆகிவிட்டால் டீக்கடைக்குப் போகமாட்டாள், கதவைச் சாத்திக்கொண்டு பேசமாட்டாள், என்னை விட்டு எங்கேயும்—

போதும்.

ஜூன் 5, வியாழன்

மெக்கானிக்கைத் தேடிப் போனேன். அவர் கம்பெனியில் கேட்டு, ஒரு அலுவலகக் கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் பிடித்தேன். இரைச்சல், கிரீஸ் வாடை. நான் சொன்னது பொய், அக்கா அப்படிச் சொல்லவே இல்லை என்றேன். இரைச்சலில் அதைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மன்னிப்புக் கேட்பதைக் கத்திக் கேட்கிற நிலை யாருக்கும் வரக்கூடாது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "அவங்க போன்லயே சொல்லிட்டாங்க" என்றார்.

"பல்லப் பத்தியுமா?"

"அதுவும்தான். பல்லு எனக்கெதுக்கு, மூடின கதவப் பாத்துத்தானே பேச ஆரம்பிச்சேன்னு சொன்னேன். பெரிசா சொல்லிட்டோம்னு நெனச்சேன். அதுக்கு உங்க அக்கா, 'உங்களுக்கு எதுக்குன்னு நான் கேட்டேனா? எனக்கு வேணும்'னாங்க." சிரித்தார். "நானும் வாங்கிக் கட்டிக்கிட்டேன்ங்க."

சந்தோஷம் என்பது அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. அவளுடையதை நான் செய்து கொடுக்கக் கிளம்பினேன்!

ஜூன் 15, ஞாயிறு

அக்கா டீக்கடைக்குப் போனாள். பல் இல்லாமலே போனாள். ஒடுங்கிய வாயோடு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, நிமிர்ந்து போனாள். ஜன்னல் பக்கம் நான் போகவில்லை.

ஜூலை 16, புதன்

பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக்கு நான் ஒருத்தி, அவர் கூட வேலை செய்கிறவர் ஒருத்தர்.

"இனிமே நான் உங்கள என்னன்னு கூப்பிடுறது?" என்று அவரிடம் கேட்டேன்.

"மனசுக்குள்ள இவ்வளவு நாளா என்னன்னு கூப்பிட்டீங்களோ அப்படியே கூப்பிடுங்க."

"அது வேண்டாம்" என்றேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவள் கொண்டுபோனது ஒரே பெட்டி. அவர் வீடு பஸ்ஸில் அரைமணி நேரம்தான். அரைமணி நேரம்தான் என்று நாங்கள் இருவருமே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டோம். நான் செய்த பல் குளியலறை அலமாரியில் டம்ளரோடு இருந்தது. அவள் எடுத்துக்கொள்ளவும் இல்லை, எறியவும் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அரை லிட்டர் பாலில் பாதி மிஞ்சுகிறது. கால் லிட்டர் பாக்கெட் எங்கள் கடையில் கிடைப்பதில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

லேபில் இன்று ஒரு செட்டுக்கு டிரையல் பார்க்காமலே வேகவைக்கத் தயாராகிவிட்டார்கள். அவசரம், டாக்டர் பரவாயில்லை என்றுவிட்டார் என்றார்கள். வழக்கமாக நான் போடுகிற கத்தலுக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இன்று சத்தம் வரவில்லை. "வேண்டாம், கேட்டுடுங்க" என்றேன், அவ்வளவுதான். பாலிஷ் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மெஷினைப் போட்டுக்கொண்டார். அவருக்கு எல்லாம் தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை, அதற்கு அவருக்குக் கோயில் கட்டலாம்.

வீட்டுக்கு வந்து இருவருக்கும் தட்டு எடுத்து வைத்தேன். இன்னும்.

ஐம்பத்திரண்டு வயதுக்கு ஏதோ ஒரு பதில் கையில் இருக்கிறது என்று சில வாரம் நம்பினேன். அந்தச் சில வாரம் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். லென்ஸுக்குக் கீழே குனிந்துகொண்டு அந்தப் பல்லைத் திருப்பிக்கொண்டிருந்தேனே, அன்று யாராவது வந்து கேட்டிருந்தால் 'ஆமாம்' என்று சொல்லியிருப்பேன். அக்கா அந்தப் பக்கம் சூப்பைக் குடித்துக்கொண்டு எப்போது விடுதலை என்று காத்திருந்திருக்கிறாள். ஒருத்தியின் சந்தோஷம் இன்னொருத்தியின் வாய்க்குப் பொருந்தாது என்பது தெரிய இவ்வளவு வயதாக வேண்டுமா? அதுவும் என் தொழிலில் இருந்துகொண்டு?

செப்டம்பர் 14, ஞாயிறு

அக்கா போன். அவர் தக்காளிச் செடி வைத்திருக்கிறாராம், ஒரு காய்கூடக் காய்க்கவில்லையாம், அதோடும் பேச்சுக் கொடுக்கிறாராம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் பாதியில் கவனித்தேன். 'ச' சுத்தமாக வருகிறது. காற்றுப் போகவில்லை. முன்வரிசை இல்லாமல் அந்த ஒலி அப்படி வராது.

பல் வைத்துக்கொண்டுவிட்டாள். வேறு யாரோ செய்திருக்கிறார்கள்.

கேட்கவில்லை. செடிக்குத் தண்ணீர் அதிகமாக ஊற்றுகிறாரோ என்னவோ என்றேன். போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன். பல்லுக்காகவா அழுதேன்? எனக்கு உலகத்தில் உருப்படியாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அதற்கும் அவள் வெளியே போக வேண்டி வந்துவிட்டது, நான் செய்த காரியத்தால்.

அக்டோபர் 12, ஞாயிறு

அக்கா வந்தாள். அவர் வரவில்லை. எங்கோ யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்களாம்.

வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நாற்காலியின் துணியைச் சரிசெய்து, ஜன்னல் திரையைப் பற்றி ஏதோ சொல்லி, கடைசியில் சொன்னாள்: "கடிக்குதுடி. மேல, இடது பக்கம். செஞ்சவங்ககிட்ட மூணு தடவை போயிட்டேன். பழகிடும் பழகிடும்ங்கிறாங்க."

"கழட்டு" என்றேன்.

கையில் வாங்கிப் பார்த்தேன். அடக் கடவுளே. சுண்ணாம்பு வெள்ளை. சீப்புப் பல் மாதிரி எல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம். நடுவில் ஊசி நுழைய இடமில்லை. ஈறு நிறம் மிட்டாய் நிறம். எங்கள் லேபில் ஒருத்தர் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டச் சொல்லியிருப்பேன். கையோடு கோரைப்பல்லைக் கொஞ்சம் மழுக்கி, பக்கத்துப் பல்லில் ஒரு முனையை மட்டும் தேய்த்தால் போதும், பொம்மைத்தனம் பாதி போய்விடும். பத்து நிமிட வேலை. அவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. கை துறுதுறுவென்றது.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துகொண்டு பார்த்தாள். என் அக்கா, என்னைப் பார்த்து.

"உனக்குப் பிடிச்சிருக்கா?" என்றேன்.

"ரொம்ப."

"எங்க கடிக்குது? நீயே காட்டு."

வாயைத் திறந்து விரலை வைத்தாள். சின்னப் புண், அரிசி அளவு. செட்டில் அதற்கு நேரான இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தேன். வீட்டில் இருக்கும் சின்ன மெஷினை எடுத்து, கொஞ்சம் தேய்த்து, கழுவிக் கொடுத்தேன். "இப்ப?"

"இன்னும் இருக்கு."

மறுபடி தேய்த்தேன். "இப்ப?"

"கொஞ்சூண்டு."

மறுபடி. இந்த முறை போட்டுக்கொண்டு கடித்துப் பார்த்தாள், நாக்கைச் சுழற்றினாள், மேஜையில் இருந்த ஆப்பிளை எடுத்து ஒரு ஓரமாகக் கடித்தாள். மென்றாள். என்னைப் பார்த்தாள். "போச்சு!" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். வெள்ளை வெளேரென்று, யாரோ ஒருத்தியின் சிரிப்பு. நான் இதுவரை பார்த்திராத ஒருத்தி.

சாயங்காலம்வரை இருந்தாள். எக்ஸ்சேஞ்சில் நைட் ஷிஃப்ட் எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஆப்பிளைத் தின்றுகொண்டே சொன்னாள். சொல்லி முடியவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

புள்ளி வைத்த இடத்தைத் தவிர வேறு எங்கும் நான் கை வைக்கவில்லை.